கால் வலிக்கிறது என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா? கால் இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் சொல்லுங்கள்

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)
செவ்வாய், இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி. அவருக்கு 69 வயது. பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனவர். இப்போது வீட்டில்தான். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) பல வருஷமாக இருக்கிறது. சிகரெட்டை விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகிறது.

நடந்தால் இடது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிளினிக்கில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளந்தார்கள். இடது கால் 0.68, வலது கால் 0.94. இடது காலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. என்ற கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் இரண்டையும் கொடுத்தார்கள்.

சில வாரம் சாப்பிட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். கடையில் தே தாரிக் குடிக்க வரும் கூட்டாளிகள், "அந்தக் கொழுப்பு மாத்திரை சதையைக் கரைச்சிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் கேட்பது இதுதான்: "கால் வலின்னுதானே போனேன். கால் வலி வர வைக்கிற மருந்தையே கொடுத்தா எப்படி?" எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த மாத்திரையால் நடை கூடுமா, குறையுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாமான்வாசி
செவ்வாய், இரவு 9:48

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. என் மாமாவுக்கும் இதே கதை. சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலி, படி ஏற முடியவில்லை, சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. கேட்டதற்கு, "வயசாயிடுச்சு, தொடர்ந்து சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவரே நிறுத்தினார், வலி போய்விட்டது. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும்.

மருந்தக அக்கா
செவ்வாய், இரவு 10:35

மருந்தாளராக வேலை செய்கிறேன். கவுன்டரில் அடிக்கடி வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். வலி எப்போது வருகிறது, எப்போது போகிறது?

இரத்தக்குழாய் அடைப்பால் வரும் வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உட்கார்ந்திருக்கும்போது இருக்காது. நடக்க ஆரம்பித்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் கெண்டைச் சதை இறுகும். நின்றால் போதும், உட்காரக்கூட வேண்டாம், சில நிமிஷத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் திரும்ப வரும். மேடு ஏறினாலோ வேகமாக நடந்தாலோ சீக்கிரம் வரும். நடக்கும்போது சதைக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும், அடைத்த குழாயால் அதைக் கொடுக்க முடியவில்லை. வலிக்குக் காரணம் அவ்வளவுதான்.

மாத்திரையால் வரும் சதை வலி வேறு மாதிரி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய சதைகளில் வரும். உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் இருக்கும், நின்றவுடன் போகாது. மருந்து தொடங்கிய பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தொடங்குவது வழக்கம்.

தாமான்வாசி அண்ணா, உங்கள் மாமாவுக்கு வந்தது இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அனுப்பியது தப்புதான். ஆனால் லயத்துப்பிள்ளையின் அப்பாவுக்கு மாத்திரைக்கு முன்பே வலி இருந்திருக்கிறது, அதுவும் ஒரே காலில். இரண்டும் ஒரே வலி இல்லை.

இன்னும் இரண்டு வலிகள் இதோடு குழம்பும். இனிப்பு நீரால் நரம்பு கெட்டால் பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, ராத்திரியில் அதிகம். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும், ஆனால் சும்மா நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும்.

லயத்துப்பிள்ளை
செவ்வாய், இரவு 11:02

நன்றி அக்கா. இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக் கேட்டு வரை நடப்பார், அங்கே பிடிக்குமாம். யாரிடமாவது பேசுவது போல நின்றுவிட்டு மறுபடி நடப்பாராம். மாத்திரையை நிறுத்திய பிறகும் அதே கேட்டில்தான் பிடிக்கிறது என்று அவரே சொல்கிறார். தொடை வலி, தோள் வலி எதுவும் இல்லை.

மருந்தக அக்கா
செவ்வாய், இரவு 11:10

மாத்திரை நின்ற பிறகும் வலி அதே இடத்தில், அதே தூரத்தில் வருகிறது என்றால் மாத்திரையின் மேல் பழி போட இடமில்லை. அப்பாவே பதிலைச் சொல்லிவிட்டார். கிளினிக்குக்கு போன் செய்து, மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று சொல்லுங்கள். அப்பாயின்மென்ட் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற டிரெசர் (சுங்கை சிப்புட் பக்கம்)
புதன், காலை 6:40

தம்பி, உன் அப்பா மாதிரி ஆட்களோடுதான் என் வாழ்க்கை போனது. தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் கால் வலி என்று வந்தால் தைலம் கொடுப்போம், வலி மாத்திரை கொடுப்போம். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்க வேண்டிய ஆள், நிரை நிரையாக நடந்து வெட்ட வேண்டிய ஆள், நொண்டிக்கொண்டே போவான். கணுக்காலில் பிரஷர் பார்க்கும் வழக்கமெல்லாம் கொட்டகையில் இல்லை.

உன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மரத்தில் வெட்டின கோட்டில் கோட்டுப்பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் மறுநாள் வெட்டுவோம். இந்த மாத்திரை அந்த மாதிரி அடைப்பை உரித்து எடுத்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால், அது நடக்காது. அது செய்கிற வேலை வேறு. கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைக் குறைக்கிறது. அதனால் கல்லீரல் இரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இருக்கிற அடைப்பு வெடித்து அதன் மேல் இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. குழாயின் உள்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையும் கொஞ்சம் மேம்படுகிறது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் எண் அது. 1.00 முதல் 1.40 வரை சரி. 0.90-ம் அதற்குக் கீழேயும் அடைப்பு. 0.68 என்பது நடுத்தரமான அடைப்பு. வலது காலின் 0.94 எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆனால் இனிப்பு நீர் நாள்பட்டவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும், பிரஷர் பார்க்கும் பட்டையால் நெருக்க முடியாது. எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் வலது கால் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். கால் விரலில் பிரஷர் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேள்.

செம்பனைக்காடு
புதன், மதியம் 12:55

எனக்கும் இதே வியாதி, வலது காலில். மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் என் நடையைத் திருப்பிக் கொடுத்தது மாத்திரை இல்லை, நடைதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வலி வந்தால் நிற்க வேண்டும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். எனக்கு ஃபிசியோவில் சொல்லிக்கொடுத்தது வேறு. வலி வந்ததும் நிற்காதீர்கள், நன்றாகப் பிடிக்கும் வரை நடங்கள், அப்புறம் நின்று வலி முழுக்கப் போகட்டும், திரும்ப நடங்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். எனக்கு முதல் மாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு மெல்ல மெல்லத் தூரம் கூடியது. இப்போது கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போகிறேன்.

விடியற்காலையில் பள்ளித் திடலைச் சுற்றுவேன். மழை நாளில் சமூக மண்டபத்துக்குள்ளேயே. மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் முதல் படி. நம் ஊரில் பக்கத்துக் கடைக்கும் மோட்டார் எடுக்கிறோம், அதில் கால் இன்னும் கெடுகிறது.

நூலகத்து மூலை (தைப்பிங்)
புதன், இரவு 8:30

இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவன் என்பதால் இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படிக்கிறேன். நடை கூடுமா என்ற கேள்விக்கு நேராக ஆராய்ந்தவை உண்டு.

2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நடந்தால் கால் வலிக்கும் 354 பேருக்கு ஒரு வருஷம் அடோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., 10 மி.கி. அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 80 மி.கி. சாப்பிட்டவர்கள் வலி தொடங்காமல் நடக்கும் நேரம் 63 விழுக்காடு கூடியது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 38 விழுக்காடு. ஆனால் இனி முடியாது என்று நிற்கும் வரை நடந்த மொத்த நேரத்தில் இரண்டு பக்கத்துக்கும் நிச்சயமான வித்தியாசம் இல்லை. அதே காலகட்டத்தில் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. வைத்துச் செய்த சிறிய ஆராய்ச்சிகளிலும் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடியது. ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்காகோவில் டாக்டர் மேரி மெக்டெர்மட் குழுவினர் அதே 2003-ல், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஆறு நிமிஷ நடையில் ஒப்பிட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் அதிக தூரம் நடந்தார்கள். பிறகு 2006-ல், கால் அடைப்பு உள்ளவர்களில் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் நடை வருஷா வருஷம் குறைவது மெதுவாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். இவை பார்த்துக் கணக்கெடுத்த ஆராய்ச்சிகள், மருந்தைப் பிரித்துக் கொடுத்துச் சோதித்தவை அல்ல. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார், அந்த வித்தியாசமும் இதில் கலந்திருக்கும்.

என் முடிவு: நடைக்குக் கொஞ்சம் உதவி உண்டு, பெரிய அதிசயம் இல்லை. நடையைக் கெடுக்கிறது என்பதற்கு இந்த ஆராய்ச்சிகளில் ஆதாரம் இல்லை.

செம்பனைக்காடு சொன்ன நடைப்பயிற்சிக்கு ஆதாரம் இதைவிட வலுவானது. 2021-ல் 305 பேரை வைத்து வந்த ஆராய்ச்சி ஒன்றில் பெரும்பாலோரை வீட்டிலிருந்தே நடக்கச் சொன்னார்கள். வலி வரும் வேகத்தில் நடந்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் ஆறு நிமிஷ நடை ஏறக்குறைய 35 மீட்டர் கூடியது. வலி வராத வேகத்தில் நிதானமாக நடந்தவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. வலியைத் தொட்டு நடப்பதில்தான் பலன் இருக்கிறது என்பதை எனக்கு உறுதியாகக் காட்டியது இதுதான்.

தாமான்வாசி
புதன், இரவு 9:05

படித்துவிட்டு எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், வெறும் மாத்திரைக்கே 38 விழுக்காடு கூடியிருக்கிறது. நடந்தால் போதுமே, மாத்திரை எதற்கு? இந்த மருந்து விற்று எத்தனை கோடி சம்பாதித்திருக்கிறார்கள் தெரியுமா? நம் ஊர் ஏழைகள் மேல் திணிக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

நூலகத்து மூலை (தைப்பிங்)
புதன், இரவு 9:50

நல்ல கேள்வி. நடைக்காக மட்டும் என்றால், நடைப்பயிற்சியைத்தான் நானும் முதலில் சொல்வேன். மாத்திரை கொடுப்பதன் முதல் காரணம் கால் இல்லை. காலில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 6,748 பேருக்குக் கால் இரத்தக்குழாய் நோய் இருந்தது. சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை எல்லாம் சேர்ந்த கணக்கைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைத்தது. அந்தப் பலன் நடந்து மட்டும் கிடைக்காது.

கம்பெனி லாபம் பற்றி: சம்பாதித்தது உண்மை. ஆனால் அடோர்வாஸ்டாட்டினுக்கும் சிம்வாஸ்டாட்டினுக்கும் காப்புரிமை முடிந்து பல வருஷம் ஆயிற்று, பல கம்பெனிகள் மலிவாகச் செய்கின்றன. இந்த மருந்து வகையை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானியர், அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, ஒரு பூஞ்சணத்திலிருந்து முதல் பொருளை எடுத்தார். 2024-ல்தான் காலமானார்.

சதை வலி பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. லண்டனில் செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பக்க விளைவு தாங்காமல் இந்த மாத்திரையை நிறுத்திய 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 புட்டிகள். நான்கில் மருந்து, நான்கில் வெறும் மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு புட்டி, வரிசை யாருக்கும் தெரியாது. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் மதிப்பெண் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8.0, மருந்து மாதங்களில் 16.3, வெறும் மாத்திரை மாதங்களில் 15.4. கூடிய தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரைக்கும் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையாகவே இருந்தது. மாத்திரையை விழுங்குகிறோம் என்ற பயமே அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது. சொந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

ஈப்போ மகள்
புதன், இரவு 10:40

இந்த இழையைப் படிக்கப் படிக்க மனசு கனத்துவிட்டது. என் அம்மாவும் தோட்டத்துக்காரர்தான். அவருக்கு இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நடக்கும்போது மட்டும் இருந்த வலி, பிறகு ராத்திரியில் படுத்தாலும் வர ஆரம்பித்தது. காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கப் போட்டால் குறையும் என்று சொல்வார். விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார். நாங்கள் போன இடத்தில் இனிப்பு நீர் நரம்பு வலி என்று மாத்திரை கொடுத்தார்கள், காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விரல் கறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லயத்துப்பிள்ளை, அப்பா ராத்திரியில் காலைத் தொங்கப் போடுகிறாரா என்று பாருங்கள். நம் அப்பா அம்மாக்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற டிரெசர் (சுங்கை சிப்புட் பக்கம்)
வியாழன், காலை 6:15

அம்மா, நீ சொன்னது எல்லாரும் படிக்க வேண்டியது. படுத்தாலும் வலி, தொங்கப் போட்டால் குறைவு என்றால் அடைப்பு முற்றிவிட்டது. காலுக்கே ஆபத்து. இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணும் அதே மாதிரிதான். இதற்கெல்லாம் அடுத்த மாத அப்பாயின்மென்ட் ஆகாது, அந்த வாரமே காட்ட வேண்டும். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்து, மரத்துப்போனால் நேராக அவசரப் பிரிவு. சில மணி நேரத்தில் காலை இழக்கலாம்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம், நரம்பு கெட்டிருந்தால் வலியே தெரியாது. அதனால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கையும் சேர்த்து. குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். சுடுதண்ணியில் கால் வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், சூடு தெரியாமல் வெந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தி உருவி விடுவதும் அடைப்பை எடுக்காது. தைப்பூசத்துக்கு ஈப்போவில் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கோயில் வரை வெறுங்காலோடு நடக்க ஆசைப்படும் பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய. வேண்டுதலுக்குக் குறுக்கே நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த வியாதி உள்ள காலைச் சுடு தாரில் வைக்கச் சொல்லி எந்த முருகனும் கேட்க மாட்டார்.

அப்புறம் சிகரெட். உன் அப்பா விட்டது பெரிய காரியம் தம்பி. கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்க கிளினிக்) புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. திரும்ப ஆசை வந்தால் அங்கே கூட்டிப் போ.

லயத்துப்பிள்ளை
வியாழன், மதியம் 1:20

ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறார், அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். பாதத்தில் புண் இல்லை. நேற்று இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அந்த 12 புட்டி ஆராய்ச்சியை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கிளினிக்கில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துவிட்டால் மாத்திரையும் வேண்டாம், நடையும் வேண்டாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். அது சரியா? மாத்திரையோடு சேரக் கூடாதது ஏதாவது உண்டா?

நூலகத்து மூலை (தைப்பிங்)
வியாழன், மாலை 6:10

ஸ்டென்ட் வைத்தாலும் மாத்திரை தொடரும். அடைப்பு உண்டாக்கும் காரணம் உடம்பில் அப்படியே இருக்கிறதே. 2012-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில், இடுப்புப் பக்கத்துப் பெரிய குழாயில் அடைப்பு உள்ளவர்களை ஸ்டென்ட், மேற்பார்வையில் நடைப்பயிற்சி என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நடக்கும் நேரம் நடைப்பயிற்சிக்காரர்களுக்கே கூடுதலாக உயர்ந்தது. ராத்திரி வலி, புண் என்று முற்றியவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே அடைப்பைத் திறப்பதுதான் அவசரம்.

மருந்தக அக்கா
வியாழன், இரவு 9:30

சேரக் கூடாதவை பற்றி. நம் பக்கத்தில் தம்பூன் பம்பளிமாஸ் பேர் போனது. அந்தப் பழ வகையில் இருக்கும் ஒரு பொருள், குடலில் மருந்தை உடைக்கும் நொதியைத் தடுக்கும். அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டும் இரத்தத்தில் கூடிப்போகலாம். கிரேப்ஃப்ரூட்டுக்குச் சொல்லும் எச்சரிக்கையைப் பம்பளிமாஸுக்கும் சொல்வது என் வழக்கம். அதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிப்பின் சாப்பிடுகிறவர்கள் சிம்வாஸ்டாட்டினை 20 மி.கி.க்கு மேல் சாப்பிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து கொடுக்கப்படுவது சகஜம், பையில் இருக்கும் பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். கிளாரித்ரோமைசின் மாதிரி சில கிருமிக்கொல்லி மருந்துகளும் சேராது. வெளிக் கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போனால் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடைகளில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையையும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் பொருளும் லோவாஸ்டாட்டின் என்ற இதே வகை மருந்தும் ஒன்றுதான். "இயற்கை" என்று நினைத்து இரட்டை அளவு சாப்பிடுகிறார்கள், எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது.

சிம்வாஸ்டாட்டினை ராத்திரியில் சாப்பிடுவது நல்லது. அடோர்வாஸ்டாட்டினை அப்பா மறக்காத எந்த நேரத்திலும் சாப்பிடலாம். சர்க்கரை அளவு கொஞ்சம் ஏறக்கூடும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். இவரைப் போன்றவர்களுக்கு அதைவிட லாபம் பல மடங்கு.

திங்கட்கிழமை கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 2019-ல் வந்த ஐரோப்பிய இதய மருத்துவர் சங்க வழிகாட்டி, கால் அடைப்பு உள்ளவர்களுக்கு லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. ஒரு மாத்திரையில் அது எட்டாவிட்டால் எஸெடிமைப் என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். நடைக்கென்றே சிலோஸ்டசோல் என்ற மருந்தும் இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் நடக்கும் தூரம் கூடும். இதயம் தளர்ந்தவர்களுக்கு மட்டும் ஆகவே ஆகாது.

தாமான்வாசி
வியாழன், இரவு 10:15

அக்கா, நீங்கள் எழுதிய பிறகு மாமா வீட்டுக்குப் போய்ப் பழைய மருந்துப் பையைப் பார்த்தேன். சிம்வாஸ்டாட்டின் 40, அம்லோடிப்பின் 10, இரண்டும் இருக்கிறது. அவருக்கும் இனிப்பு நீர் உண்டு, போன வருஷம் மூளைக்குப் போகும் குழாயில் சின்ன அடைப்பு என்று சொன்னார்கள். இப்போது கொழுப்புக்கு ஒன்றுமே சாப்பிடவில்லை. திரும்பக் கேட்கப் போனால் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார்கள் என்று பயப்படுகிறார்.

மருந்தக அக்கா
வியாழன், இரவு 10:50

பையைப் பார்த்தது ரொம்ப நல்லது அண்ணா. மாமா பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டும் அந்த அளவில் சேர்ந்திருக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எந்தச் சதை, நிறுத்தி எவ்வளவு நாளில் விட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அவசரத்தில் பாதி போய்விடும். தைராய்டு, வைட்டமின் டி இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் அவையே சதை வலியைக் கூட்டும்.

அதே மாத்திரையைத்தான் தர வேண்டும் என்று இல்லை. ரோசுவாஸ்டாட்டின் சின்ன அளவில் தொடங்கிப் பார்க்கலாம். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு. எதுவுமே ஒத்துவராவிட்டால் எஸெடிமைப் இருக்கிறது. மூளைக் குழாயில் அடைப்பு உள்ளவர் ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

புதிய மாத்திரை தொடங்கிய பிறகு அந்தப் பழைய வலி திரும்பினால் உடனே போய்ச் சொல்லட்டும், சதை கெட்டிருக்கிறதா என்று காட்டும் சிகே என்ற இரத்தச் சோதனை எடுப்பார்கள். வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரொம்ப அபூர்வம், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தாமான்வாசி
வியாழன், இரவு 11:05

சரி அக்கா. நாளைக்கு லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன். இரண்டு பெட்டிகளும் மோட்டார் கூடையில் வைத்தாயிற்று. லயத்துப்பிள்ளை, திங்கட்கிழமை விரல் பிரஷர் பார்த்தார்களா என்று எழுதுங்கள், மாமாவுக்கும் கேட்க வேண்டும்.